மதுரையில் நான் தங்கும் சின்ன ஓட்டல்: சில வருட அனுபவம்

சென்னையில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருக்கிறேன். மதுரைச் சுங்குடி வாங்க நானேதான் போய்வருவேன். தங்குவது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு ஓட்டலில். மூன்று மாடி, முப்பது அறைகூட இருக்காது, கீழே வரவேற்பு மேசை, ஒரு சோபா, சுவரில் மீனாட்சி படம். ரயில் நிலையத்திலிருந்து பையை உருட்டிக்கொண்டே நடந்து போய்விடலாம். ஒரு முறை தங்கிவிட்டு நட்சத்திரம் போடுகிறவர்கள் படுக்கை, பாத்ரூம், டிவி என்று எழுதுவார்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்காகத் தங்கினால் வேறு சில விஷயங்கள் முக்கியமாகிவிடுகின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம் செக் அவுட் நேரம். இந்த ஓட்டலில் 24 மணி நேரக் கணக்கு. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு மதுரையில் இறங்குவோம். அப்போது சாவி வாங்கினால் மறுநாள் அதே நேரம் வரை அறை நம்முடையது. குளித்து, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, பத்து மணிக்குக் கடைகள் திறந்ததும் கிளம்பலாம். கொள்முதலை முடித்துச் சாயங்காலம் வந்து இன்னொரு முறை குளித்துவிட்டு இரவு ரயிலைப் பிடிக்கலாம். எல்லாம் ஒரே நாள் வாடகைக்குள். மதியம் 12 மணி செக் அவுட் வைத்திருக்கும் இடத்தில் இது நடக்காது. விடியற்காலையில் அறை கேட்டால் முந்தின நாள் வாடகையும் கேட்பார்கள், இல்லையென்றால் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஆன்லைன் புக்கிங் பெருகிய பிறகு இந்த வட்டாரத்திலேயே பல ஓட்டல்கள் 12 மணிக்கு மாறிவிட்டன. மாறாமல் இருப்பவற்றை நான் மதிக்கிறேன். ரயில் நேரத்தை வைத்து வாழும் ஊருக்கு அதுதான் நியாயமான கணக்கு.

ஆனால் 24 மணி நேரம் எல்லாருக்கும் லாபம் இல்லை. மறுநாள் மதியம் 3 மணிக்குக் கிளம்பும் தேஜஸ் ரயிலில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு நுழைந்தவர் மறுநாள் ஐந்தரைக்கே காலி செய்ய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அரை நாள் வாடகை. அந்த மாதிரிப் பயணத்துக்கு 12 மணி ஓட்டல்தான் வசதி. வைகை எக்ஸ்பிரஸில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வந்து இறங்குகிறவர்களுக்கோ 24 மணி நேரம் கச்சிதமாகப் பொருந்தும். மறுநாள் இரவு ரயில் கிளம்பும் நேரம் வரை அறை கையில் இருக்கும். அதனால் அறைக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டை முடிவு செய்துகொள்வது நல்லது. எங்கள் ஓட்டலில் ஒரு மணி நேரம் தாமதமானால் எதுவும் கேட்க மாட்டார்கள். இது எங்கும் எழுதி வைக்காத சலுகை. மேனேஜர் மாறினால் இதுவும் மாறலாம்.

இரண்டாவது விஷயம் எனக்கு இதைவிடப் பெரியது. நான் தனியாகப் போகிற பெண். இந்த ஓட்டல் கிடைப்பதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில், விடியற்காலையில், கையில் பையோடு நின்ற என்னிடம் "லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்கறதில்லம்மா" என்று சொன்னார்கள். பான் கார்டு, ஜிஎஸ்டி எண், கடை விசிட்டிங் கார்டு எல்லாம் காட்டினேன். "முதலாளி உத்தரவு" என்பதோடு பேச்சு முடிந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒரு ஆணுக்குப் பெயர் மட்டும் எழுதிக்கொண்டு சாவி கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. தனியாக வரும் பெண்ணிடம் கேள்வி கேட்பதையே பாதுகாப்பு என்று நினைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. உண்மையில் பாதுகாப்பு வேண்டியது அறைக்குள்ளே போன பிறகுதான்.

இந்த ஓட்டலில் முதல் நாளே வரவேற்பில் இருந்தவர், "அக்கா, கடைசி ரூம் வேண்டாம், மாடிப்படி ஏறினதும் இருக்கற ரூம் தர்றேன், காரிடர் கேமரா அதுக்கு நேரா இருக்கு" என்றார். நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப அங்கே போகிறேன். அறை எண்ணை மற்றவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்வதில்லை, சாவியோடு கையில் கொடுத்துவிடுகிறார்கள். என்னைத் தேடி வியாபாரிகள் யாராவது வந்தால் மேலே அனுப்பாமல், போன் பண்ணிக் கீழே வரச் சொல்கிறார்கள். ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் நான் சாப்பிட்டுத் திரும்பும் வரை ஷட்டரை முழுதாக இறக்க மாட்டார். மதுரையில் டவுன்ஹால் ரோடு பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கும் இட்லிக்கடையில் கூட்டம் இருக்கும், குடும்பங்கள் நடமாடும். தூங்கா நகரம் என்ற பெயருக்கு ஏற்ற ஊர். அந்த நேரத்தில் தனியாக நடந்து போய்ச் சூடாக இட்லி சாப்பிட்டு வரும் சுதந்திரம் எனக்கு வேறு ஊரில் கிடைத்ததில்லை.

குறையும் இங்கேதான் நடந்தது. ஒரு மத்தியானம் ரூம் பாய் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் மாஸ்டர் சாவி போட்டுத் திறந்துவிட்டான். துண்டு மாற்ற வந்தவன்தான், பையன் பயந்து போனான். நான் கீழே போய்க் கடுமையாகவே பேசினேன். அப்புறம் மாஸ்டர் சாவியை மேசை டிராயருக்கு மாற்றிவிட்டார்கள், பையன்கள் கையில் கொடுப்பதில்லை. இப்போதெல்லாம் எந்த ஓட்டலானாலும் நுழைந்தவுடன் நான் முதலில் பார்ப்பது உள் தாழ்ப்பாளைத்தான். கதவின் மேலே தனியாக ஒரு தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அது சட்டத்தில் நன்றாக இறங்க வேண்டும். கைப்பிடிப் பூட்டு மட்டும் இருந்தால் அறையை மாற்றிக் கேட்பேன்.

அடையாள அட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், அதைத்தான் கொடுக்கிறேன். முதலில் யோசித்தார்கள், இப்போது வாங்கிக்கொள்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸும் போதும்.

அறைகளைப் பற்றி. வீதியைப் பார்த்த அறைகளில் வெளிச்சமும் காற்றும் உண்டு, சத்தமும் உண்டு. ராத்திரி பதினொன்றரை வரை ஆட்டோ ஹாரன், விடியற்காலை நாலரைக்கெல்லாம் டீக்கடைப் பாத்திரச் சத்தம். பின்பக்க அறைகளின் ஜன்னல் ஒரு குறுகிய சந்தில் திறக்கும், அங்கே வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்கள். ஜன்னலைத் திறந்தால் அனல். ஆனால் தூக்கம் வரும். நான் முன்பக்க இரண்டாம் மாடி அறைதான் கேட்பேன். தூக்கம் மெல்லியவர்கள் பின்பக்கம் கேளுங்கள், ஆனால் ஏசி அறையாகக் கேளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மதுரையில் ஏசி இல்லாத பின்பக்க அறையில் படுப்பது சிரமம்.

வெந்நீர் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. மழைக்காலத்தில் சோலார் சூடு போதாமல் வெதுவெதுப்பாகத்தான் வரும், கேட்டால் ஒரு பக்கெட் கொண்டுவந்து தருவார்கள். தண்ணீர் போர் தண்ணீர், உப்பு. தலைக்குக் குளிக்கிற நாளில் முடி பிசுபிசுக்கும். குழாய் வாயில் வெள்ளைப் படிவு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அதைப் பார்த்து அழுக்கு என்று சிலர் மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். அது சரியில்லை. படுக்கை விரிப்பு ஒவ்வொரு முறையும் சுத்தமாக, கஞ்சி போட்டுத் துவைத்ததாக இருந்திருக்கிறது. தலையணை மட்டும் தட்டையாகிவிட்டது. பல முறை சொல்லியும் மாற்றவில்லை.

மின்தடை ஒரு தனிக் கதை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பல மணி நேரம் கரண்ட் இருக்காத நாள் ஒன்று வரும். ஜெனரேட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், ஏசியும் லிஃப்டும் ஓடாது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதல் மாடி கேட்டு வாங்குவது நல்லது. லிஃப்ட் ஓடும் நாளிலும் அதில் மூன்று பேர் பையோடு நிற்க முடியாது.

எனக்கு மிகவும் உதவியாக இருப்பது அறைக்கு வெளியே உள்ள ஒரு வசதி. விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் எடுத்த புடவைக் கட்டுகளை ஓட்டலுக்கே அனுப்பச் சொல்லிவிடுவேன். மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள், பார்சல் சர்வீஸ்காரர் வந்து எடுத்துப் போவார். நான் ரயில் ஏறிய பிறகு அவர் வந்தாலும் கட்டு எண்ணிக்கையைச் சரிபார்த்து, ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இதுவரை ஒரு புடவை குறைந்ததில்லை. பெரிய ஓட்டல்களில் லக்கேஜ் அறை இருக்கும், டோக்கனும் இருக்கும். என் கட்டை என் கட்டு என்று தெரிந்து பார்த்துக்கொள்ளும் ஆள் அங்கே இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இந்த வட்டாரம் வசதி. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, பக்தர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வந்தது. தூரத்தில் தங்கினால் போன், செருப்பு, பை என்று ஒவ்வொன்றையும் ஒப்படைக்க வரிசையில் நிற்க வேண்டும். இங்கே தங்கினால் எல்லாவற்றையும் அறையில் வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வெறுங்காலோடு டவுன்ஹால் ரோடு வழியாக மேலக் கோபுரத்துக்குப் போய்விடலாம். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் இங்கே அறை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரை எல்லா அறையும் மாதங்களுக்கு முன்பே போய்விடும், வாடகையும் ஏறிவிடும். எனக்கே பழைய வாடிக்கையாளர் விலை கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. பெரிய முகூர்த்த நாட்களிலும் கல்யாணக் கூட்டம் மொத்தமாக ஒரு மாடியை எடுத்துக்கொள்ளும். அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கில் மூடி மறுபடி திறந்தபோது ஓட்டல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பழைய ரூம் பாய்கள் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. கீழே இருந்த மெஸ் போய் மொபைல் கடை வந்துவிட்டது. காலைக் காபிக்கு இப்போது வெளியேதான் போக வேண்டும். பெயிண்ட் அடிக்காமல் இரண்டு மழைக்காலம் ஓடியது, அப்புறம் அடித்தார்கள். வரவேற்பு மேசையில் அதே ஆட்கள் இருந்ததால்தான் நான் வேறு இடம் தேடவில்லை.

வாடகை இப்போது ஏசி இல்லாத ஒற்றை அறை ஆயிரத்தைச் சுற்றி, ஏசி இரட்டை அறை இரண்டாயிரத்துக்குள். 2022 ஜூலை 17 வரை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதன் பிறகு 12 சதவீதம் வந்து, சின்ன ஓட்டலில் தங்குகிறவர்களின் கையைத்தான் கடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். பழைய கணக்கில் பில் போட்டால் கேட்டுத் திருத்துங்கள். புக்கிங் ஆப்பில் வரும் விலை சில நாள் குறைவாக இருக்கும். ஆனால் ஆப் வழியாகப் புக் செய்தால் எந்த அறை என்று தேர்ந்தெடுக்க முடியாது, 24 மணி நேரக் கணக்கும் பல சமயம் செல்லாது, ஆப் சொல்லும் நேரம்தான். நான் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, ரயில் பெயரைச் சொல்லி, மாடிப்படி பக்கத்து அறை வேண்டும் என்று கேட்டுவிடுவேன்.

கார் எடுத்து வருகிறவர்களுக்கு இந்த ஓட்டல் சரிப்படாது. பார்க்கிங் இல்லை, வீதியில் விட்டால் ராத்திரி முழுக்கக் கவலை. சின்னக் குழந்தைகளோடு இரண்டு, மூன்று நாள் தங்கி ஊர் சுற்ற நினைப்பவர்கள் மாட்டுத்தாவணி, அண்ணா நகர் பக்கம் பாருங்கள், அறைகள் பெரிது. ரயிலில் வந்து, வேலையை முடித்து, ரயிலிலேயே திரும்புகிற ஆளுக்கு, அதிலும் தனியாக வரும் பெண்ணுக்கு, இந்த வீதியில் நான் கேட்கிற முதல் இடம் இதுதான். தலையணையை மட்டும் அவர்கள் இன்னும் மாற்றவில்லை, அடுத்த முறையும் சொல்லத்தான் போகிறேன்.