பாமாலை, கீர்த்தனை, வர்ஷிப் டீம்: சபையைப் பாட வைப்பது எது?

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பாடல் விஷயமாகக் கமிட்டி கூடினால் அரை மணி நேரத்தில் இரண்டு கட்சியாகிவிடும். பெரியவர்கள் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பக்கம், வாலிபர் ஐக்கியம் கீபோர்டு, டிரம்ஸோடு பாட்டு நடத்தும் வர்ஷிப் டீம் பக்கம். கர்நாடக ராக தாளத்தில் அமைந்த கீர்த்தனைக்கு யாரும் கொடி பிடிப்பதில்லை. அது எப்படியும் இருக்கும் என்ற நினைப்பு. இரு தரப்பும் பேசுவது அவரவர் ரசனையை. ரசனையை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும்.

எனக்கு அளவுகோல் வேறு. பாட்டு நடக்கும்போது கடைசி வரிசையில் இருப்பவர் வாயைத் திறக்கிறாரா? பக்கத்தில் நிற்பவரின் குரல் அவர் காதில் விழுகிறதா? சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ‘ஒருவருக்கொருவர்’ போதித்துப் புத்திசொல்லச் சொல்கிறது கொலோசெயர் 3:16. முன்னால் நிற்கும் நாலு பேர் மற்றவர்களுக்குப் பாடிக் காட்டுவது இந்தக் கணக்கில் சேராது. இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாமாலையும் ஆர்கனும்

1706-ல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய காலத்திலிருந்தே ஜெர்மானிய மெட்டுகள் தமிழோடு பழகிவருகின்றன. அதே நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரிசியஸ் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளைத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் இன்றும் பாடுகிறார்கள். ஆங்கிலேய மிஷனரிகள் வழியாக வந்தவை பாமாலைக்குள் சேர்ந்தன.

இந்த மெட்டுகள் கூட்டமாகப் பாடுவதற்கென்றே கட்டப்பட்டவை. 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ‘ஓல்ட் ஹண்ட்ரட்த்’ மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு மெட்டும் ஒரு ஸ்தாயிக்குள் முடிந்துவிடும். ஸ்வரங்கள் பெரும்பாலும் ஒரே நீளம். முதல் சரணத்தைக் கேட்டவர் இரண்டாவதில் தைரியமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

இங்கே சபையை நடத்துகிறவர் ஆர்கனிஸ்ட்தான், முன்னால் நின்று கை அசைப்பவர் இரண்டாம் பட்சம். ஆர்கனில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஓசை கூடாது. எப்போது தொடுகிறோம், எப்போது எடுக்கிறோம் என்பதுதான் வாசிப்பவர் கையில் இருக்கிறது. நல்ல ஆர்கனிஸ்ட் சரணத்தின் கடைசி ஸ்வரத்தைச் சற்று நிறுத்தி, கையை எடுத்து, சபை ஒரு மூச்சு இழுக்க இடம் கொடுத்து, அடுத்த சரணத்தின் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) அழுத்துவார். அந்த இடைவெளி எல்லாச் சரணத்துக்கும் ஒரே அளவாக இருந்தால் முந்நூறு பேர் ஒன்றாக வாய் திறப்பார்கள். ஒருமுறை நீட்டி மறுமுறை குறுக்கினால் முதல் சொல் சிதறும். இரண்டாவது சொல்லில்தான் சபை வந்து சேரும். பாட்டுக்கு முன் ஒரு வரி வாசித்துக் காட்டுவதும் இதே போலத்தான். அந்த வரியின் வேகம்தான் பாட்டின் வேகம். அதை ஒரு வேகத்தில் வாசித்துவிட்டுப் பாட்டை இன்னொரு வேகத்தில் எடுக்கும் ஆர்கனிஸ்டுகளை நிறையப் பார்க்கலாம்.

குறை எங்கே என்றால், தமிழ் அந்த மெட்டில் உட்காரும் விதத்தில். குறிலை இழுத்து நெடிலை விழுங்க வேண்டிய இடங்கள் பாமாலையில் தாராளம். சிறு வயதிலிருந்து பாடியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. புதிதாக வருபவர் தடுமாறுவார். அதோடு ஆள் பஞ்சம். சோல்ஃபா (டோ-ரே-மி குறியீடு) படித்து நாலு குரலில் பாடத் தெரிந்தவர்கள் நான் பார்த்த சபைகளில் பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள்.

கீர்த்தனை

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்தவர், ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டவர்தான். தஞ்சாவூரில் அன்று எந்த இசை புழங்கியதோ அதிலேயே சாஸ்திரியார் எழுதினார். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் அச்சிட்ட தொகுப்பு, இந்தப் பாட்டுகள் சபைகளின் ஞாயிறு ஆராதனைக்குள் வர வழி திறந்தது.

கீர்த்தனையின் உயிர் பல்லவியில். சரணத்தை முன்பாடகர் பாடலாம், பாடகர் குழு பாடலாம், தெரிந்தவர்கள் மட்டும் பாடலாம். பல்லவி வந்ததும் எல்லோரும் உள்ளே. எழுத்துத் தெரியாதவர், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர், வெளியூர் விருந்தாளி எல்லோருக்கும் அதில் இடமுண்டு. கத்தோலிக்கத் திருப்பலியின் பதிலுரைப் பாடல் இதே ஏற்பாடுதான். ஒருவர் வசனத்தைப் பாட, மக்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பதிலாகத் தருகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தபின் தமிழ்ப் பங்குகளில் இது சட்டென்று பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. துக்க வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கீபோர்டு கிடையாது, புரொஜெக்டர் கிடையாது. யாரோ ஒரு பாட்டி எடுப்பார், பல்லவிக்குத் தெருவே சேரும்.

ஆனால் கீர்த்தனையை நடத்துவது சுலபம் என்று நினைப்பவர்களே அதைக் கெடுக்கிறார்கள். முதலில் சுருதி. நல்ல குரல் உள்ள அக்கா ஒருவர் தமக்குச் சௌகரியமான ஐந்து கட்டைச் சுருதியில் எடுப்பார். அவருக்கு அது அருமையாக இருக்கும். ஆண்கள் கீழே போனால் முனகல், மேலே போனால் கத்தல். இரண்டும் வேண்டாமென்று பேசாமல் நிற்பார்கள். ஒரு கட்டை, மிஞ்சினால் இரண்டு கட்டை வைத்தால் ஆண்களும் பெண்களும் ஆளுக்கொரு ஸ்தாயியில் முழுக் குரலில் பாடலாம். அனுபல்லவி மேல் காந்தாரத்தைத் தொடும் பாட்டென்றால் அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

அடுத்தது இழுவை. ஆதி தாளத்தில் விறுவிறுப்பாக ஆரம்பித்த பாட்டு நாலாவது சரணத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். பழியைப் பெரியவர்கள் மேல் போடுவார்கள். உண்மையில் கோளாறு வரிக் கடைசியில் இருக்கிறது. எட்டு அட்சரத்தில் வரி ஐந்திலோ ஆறிலோ முடிந்துவிடும். மீதிக் காலி அட்சரங்களை யாரும் எண்ணுவதில்லை. கடைசி எழுத்தை அவரவர் இஷ்டத்துக்கு இழுத்து, மற்றவர்கள் முடிக்கக் காத்திருந்து அடுத்த வரிக்குப் போகிறார்கள். தபேலாவோ டோலக்கோ அந்தக் காலியிடத்தை நிரப்பிக் கொடுத்தால் இழுவை முக்கால்வாசி போய்விடும். கீபோர்டில் ரெடிமேட் ஸ்டைலை ஓடவிடுவதும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஆனால் ஆனந்தபைரவி ராகத்தைக் கார்டுகளுக்குள் அடைத்தபின் மிஞ்சுவது ஆனந்தபைரவி அல்ல. பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். நம் சபைகளில் அதை வாசிப்பது யார் என்று கேட்காதீர்கள்.

கீர்த்தனைக்கு எதிராகக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு, அது வாலிபர்களிடமிருந்து வரவில்லை. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், கர்நாடக இசையும் வடமொழி கலந்த நடையும் கிராமத்துத் தலித் கிறிஸ்தவர்களுடையவை அல்ல என்று வாதாடினார். வாதத்தோடு நிற்காமல் வழிபாட்டு முறைமையையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்துக் கொடுத்தார். பறையைச் சாவு வீட்டோடு சேர்த்தே பார்க்கும் சபைகளில் அதை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது சாதாரணக் காரியம் இல்லை. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட பெரிய வசதி. என் அளவுகோலில் அவருடைய வழி எல்லாவற்றையும் முந்தும். 2005-ல் அவர் காலமான பிறகும், நகரத்துச் சபைகள் அந்தப் பாட்டுகளை ஏதாவது விசேஷ ஞாயிறில் ஒன்று பாடிவிட்டு மூடி வைக்கின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

வர்ஷிப் டீம்

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சபையைத் தலை நிமிர வைத்தது திரைதான். இருபது நிமிடம் பாட்டிலிருந்து ஜெபத்துக்கும் ஜெபத்திலிருந்து பாட்டுக்கும் இடையில் அறிவிப்பு எதுவும் இல்லாமல் போகும் அந்த ஓட்டம் பாமாலையிலும் கீர்த்தனையிலும் கிடைக்காது. பாட்டின் மொழி எளிது. கல்லூரிப் பையன்கள் ஆராதனைக்கு நேரத்தோடு வருகிறார்கள் என்றால் அதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் பல இடங்களில் அந்த இருபது நிமிடமும் சபை பாடுவதில்லை, கைதட்டுகிறது, பார்க்கிறது. காரணத்தைப் பக்திக் குறைவில் தேட வேண்டாம். யூடியூபில் பாடியவர் பயிற்சி பெற்ற உச்சக் குரல்காரர். அவர் ஸ்கேலிலேயே பாடினால்தான் ‘ஃபீல்’ வரும் என்பார் கீபோர்டு தம்பி. அவருக்கு வரும், மூன்றாம் வரிசை அண்ணனுக்கு வராது. டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு மூன்று தடவை கீழே தட்டினால் தீர்ந்தது. பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் ஸ்தாயி இரண்டு கட்டையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பாதிச் சபை கழன்றுகொள்ளும்.

பிறகு சத்தம். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவருமாக இருக்கும் இடத்தில் டிரம்ஸை மைக் வைத்துப் போட்டால் பக்கத்தில் நிற்கும் மனைவி பாடுவதுகூடக் கணவருக்குக் கேட்காது. தன் குரலே தனக்குக் கேட்காதவர் இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார். காதில் இன்-இயர் (காதுக்குள் வைக்கும் குட்டி ஸ்பீக்கர்) மாட்டியிருக்கும் லீடருக்கு இது தெரியவே தெரியாது. அவருக்குக் கேட்பது வேகம் காட்டும் கிளிக்கும் தன் குரலும்தான். இடையிடையே ஒரு காதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரை இயக்குபவரும் ஆராதனை நடத்துகிறவர்தான் என்பதை டீம்கள் மறந்துவிடுகின்றன. லீடர் அடுத்த வரியைத் தொடங்கியபின் ஸ்லைடு மாறினால் சபை எப்போதும் அரை வரி பின்னால் ஓடும். முந்தைய வரியின் கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அதற்கு அவர் பயிற்சிக்கு வர வேண்டும். ஞாயிறு காலையில் கம்ப்யூட்டர் தெரிந்த யாரையோ பிடித்து உட்கார வைத்தால் நடக்காது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கீர்த்தனை, கேள்வியே இல்லை. கிராமத்துச் சபை என்றால் அப்பாவுவின் பாட்டுகளோடு. எல்லாவற்றுக்கும் இடமுண்டு என்றால், பவனிப் பாடலும் காணிக்கைப் பாடலும் பாமாலையிலிருந்து. நடை பழகிய மெட்டு ஓசை நிறைந்து வர வேண்டிய இடங்கள் அவை. பிரசங்கத்துக்கு முன்னும் நற்கருணை வேளையிலும் கீர்த்தனை. தொடக்கத்தில் கால் மணி நேரம் டீமுக்கு, ஒரு நிபந்தனையோடு: புதிய பாட்டு மாதத்துக்கு ஒன்றுதான், அதை நாலு ஞாயிறும் பாட வேண்டும். வாரம் ஒரு புதுப் பாட்டு என்றால் சபை பாடக் கற்றுக்கொள்ளாது, கேட்கக் கற்றுக்கொள்ளும்.

கமிட்டியில் அடுத்து வரும் கேள்வி பணம். புதிய ஸ்பீக்கர் செட்டுக்குக் கொட்டேஷன் வந்திருக்கும், யாராவது ஸ்பான்சர்கூடச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பணத்தில் சனிக்கிழமை தோறும் வந்து சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டுக் கீர்த்தனை சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டு வாத்தியாரையும் ஒரு தபேலாக்காரரையும் ஏற்பாடு செய்யுங்கள் என்பது என் யோசனை. மீதி இருந்தால் ஆர்கனிஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பழக ஒரு பிள்ளையைத் தேடுங்கள். ஸ்பீக்கர் அடுத்த வருஷமும் கிடைக்கும்.