மின்சைக்கிளின் மோட்டார் சக்கரம் பஞ்சரானால்: கழற்றி ஒட்டுவதா, கழற்றாமல் ஒட்டுவதா?

சாதாரண சைக்கிளில் பின் டயர் பஞ்சரானால் பதினைந்து நிமிட வேலை. அதே ஓட்டை, பின்சக்கர நடுவில் மோட்டார் வைத்த மின்சைக்கிளில் விழுந்தால் பழகிய பஞ்சர் கடைக்காரரே கொஞ்சம் தயங்குவார். டயர், ட்யூப் எல்லாம் பழையபடிதான். வேறுபாடு அச்சில் இருக்கிறது. அதன் உள்ளே வயர் ஓடுகிறது. அச்சு சுழன்றுவிடாதபடி இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டு, நாக்கு வைத்த வாஷரால் பிடிக்கப்பட்டிருக்கிறது. பல்சக்கர வகை சிறிய மோட்டாரே இரண்டு மூன்று கிலோ இருக்கும். பல்சக்கரம் இல்லாத பெரிய வகை அதைப்போல் இரண்டு மடங்குகூடப் போகும். அதனால் கீழே வரும் வழிகளை எல்லாம் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறோம்: அச்சு நட்டைத் தொடாமல் வேலை முடியுமா?

மிதி அருகே மோட்டார் இருக்கும் நடு மோட்டார் வண்டிக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் பின்சக்கரம் சாதாரண சைக்கிள் சக்கரம்போலவே கழன்று வரும். இங்கே பேசுவது பின்சக்கர மோட்டார் வண்டிகளைப் பற்றி மட்டும்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் வண்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது த்ராட்டிலில் கை பட்டால் விரல் போய்விடும். பேட்டரி இறங்கினால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைப் புரட்டுவதும் எளிது. தலைகீழாக நிறுத்துவதென்றால் ஹேண்டில் பிடியின் கீழ் இரண்டு பக்கமும் மரத்துண்டு வையுங்கள்; இல்லாவிட்டால் வண்டியின் எடை டிஸ்ப்ளே கண்ணாடிமேல் இறங்கும்.

ஓட்டை இருக்கும் இடம் சொல்லும் சேதி

வெளிப்பக்கத்தில், தரையைத் தொடும் இடத்தில் ஒரே ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. பக்கவாட்டில் அக்கம்பக்கமாக இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் ட்யூபைக் கடித்துவிட்டது. உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த இடத்தில் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் முனையோ, அந்த முனைகளை மூடும் ரிம் டேப் விலகியதோ காரணம். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் அது மின்சைக்கிளில் அதிகம் வரும் கோளாறு: காற்று குறைந்த டயரை மோட்டாரின் இழுவை ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது, ட்யூபும் கூடவே போகிறது, வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாய்கிறது. ஒரு நாள் அடியோடு பிய்ந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பது கண்ணில் பட்டால், பஞ்சராகும் முன்பே காற்றை முழுக்க இறக்கி டயரை நேராக்கிவிடுங்கள்.

இந்த நான்கில் முதல் வகைக்குக் கழற்றாமல் ஒட்டுவதே போதும். இரண்டாவதற்கும் பெரும்பாலும் போதும். மூன்றாவதற்கு ஒட்டலாம், ஆனால் ரிம் டேப்பைச் சரிசெய்யாவிட்டால் மறுநாளே திரும்ப வரும். நான்காவது ஒட்டில் நிற்காது. ட்யூப் மாற்றித்தான் ஆகவேண்டும்.

கழற்றாமல் ஒட்டுவது

பலர் இதை அவசர வேலை என்று நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் இதுவே முழு வேலை. ட்யூப் அச்சைச் சுற்றிக் கிடந்தாலும், ஓட்டை உள்ள பகுதியை மட்டும் வெளியே இழுத்தால் ஒட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டயரைப் பாருங்கள். முள் தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அது இருக்கும் இடத்தில் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இடம் தெரிந்துவிட்டால் டயர் ஓரத்தை அந்த இடத்தின் இரு பக்கமும் ஒரு சாண் அளவு நெம்பினால் போதும். தெரியாவிட்டால் ஒரு பக்க ஓரம் முழுவதையும் நெம்பி, ட்யூபில் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைத் தேட வேண்டும். நெம்புவது செயின் இல்லாத இடது பக்கம். அங்கே டிஸ்க் பிரேக் தட்டு இருந்தால் எண்ணெய்க் கை படாமல் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள்.

நெம்ப ப்ளாஸ்டிக் லீவர் இரண்டு வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஒரு ஓட்டைக்கு மூன்று ஓட்டை. டயர் அசையாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் டயரின் இரு ஓரங்களையும் அமுக்கி ரிம் நடுவிலிருக்கும் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். நெம்பும் இடத்தில் டயர் தளர்ந்துவிடும். மோட்டார் சக்கரத்தின் டயர் இறுக்கமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பள்ளத்தை மறந்தவர்கள்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். சொல்யூஷனை ஒட்டைவிடப் பெரிய வட்டமாக, மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு நான்கைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விரலால் தொட்டால் பிசுக்கு மட்டும் இருந்து ஈரம் இருக்கக்கூடாது. ஈரத்தில் வைத்த ஒட்டு நழுவும். ஒட்டு பிடிக்காமல் போவதற்கு முதல் காரணம் இந்த அவசரம்தான். சொல்யூஷன் தேவைப்படாத ஸ்டிக்கர் ஒட்டு வீடுவரை வரும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அதை நம்ப வேண்டாம்.

இனி முள். தமிழ்நாட்டில் பாதையோர பஞ்சரில் சீமைக்கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் பெரிய பங்கு உண்டு. கருவேல முள்ளைப் பிடுங்கும்போது வால் பகுதி கையோடு வரும். கூர்முனை டயரின் துணி அடுக்குக்குள் ஒடிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டயரின் உள்பக்கத்தில் பஞ்சுத் துணுக்கு ஒன்றைத் தடவிக்கொண்டே போங்கள். முனை இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டும். கூர்மூக்குக் குறட்டால் அங்கிருந்து இழுக்க வேண்டும். விரலால் தேடினால் விரலில்தான் ஏறும். இதைச் செய்யாமல் டயரை மூடினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை.

கொஞ்சம் காற்று விட்டு ட்யூபை உருண்டையாக்கி உள்ளே செருகி, டயர் ஓரத்தைக் கையாலேயே ஏற்றுங்கள். பழகிய கைக்கு மொத்தம் 25 நிமிடம். அச்சு, வயர், பிரேக் எதையும் தொடவில்லை. திரும்பப் பூட்டுவதில் தவறும் இல்லை. இந்த வழியின் பெரிய பலம் இதுதான்.

சக்கரத்தைக் கழற்றுவது

டயர் தேய்ந்துவிட்டது, ட்யூபில் ஒட்டின்மேல் ஒட்டு, வால்வு பிய்ந்துவிட்டது, ரிம் டேப் மாற்ற வேண்டும்: இந்த நான்கு நிலையில் பொதுவாகக் கழற்றத்தான் வேண்டும் (ட்யூப் மட்டும் மாற்ற, கீழே வரும் இருமுனை ட்யூப் ஒரு விதிவிலக்கு). முதல்முறை செய்பவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கழற்றும் முன் அச்சின் இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது சோம்பேறி யோசனை இல்லை. எந்த வாஷர் ஃப்ரேமுக்கு உள்ளே, எது வெளியே, நாக்கு எந்தத் திசையில் என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும்.

செயினைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். அச்சிலிருந்து வரும் வயரைப் பின்தொடர்ந்தால் ஃப்ரேமின் கீழ்க்கம்பியில் வட்டமான கனெக்டர் கிடைக்கும். வழியில் உள்ள கேபிள் டைகளை வெட்டுங்கள். கனெக்டரின் இரு பாதியிலும் அம்புக்குறி இருக்கும். நேராக இழுக்க வேண்டும், திருகக்கூடாது. உள்ளே மூன்று தடித்த பின்னும் தலைமுடிபோல் மெல்லிய பின்களும் உண்டு. திருகினாலோ அம்பு பொருந்தாமல் அழுத்தினாலோ மெல்லிய பின் மடங்கும். அதன்பின் மோட்டார் உதறும், அல்லது டிஸ்ப்ளேயில் பிழை எண் வரும். பஞ்சர் ஒட்டப் போய் மோட்டார் கெட்டது என்று சொல்லப்படுகிறவற்றில் இதற்கும் இடம் உண்டு.

அச்சு நட்டு பெரும்பாலும் 18 அல்லது 19 எண் ஸ்பேனருக்கு வரும். இரண்டு பக்கமும் மாறி மாறித் தளர்த்துங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்கக்கூடாது. பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். சக்கரத்தை இறக்கும்போது கனம் வயரில் தொங்காமல் இரண்டு கையாலும் ஏந்த வேண்டும்.

திரும்பப் பூட்டுவதில்தான் ஆபத்து. அச்சு ஃப்ரேமின் பிளவுக்குள் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். வாஷரின் நாக்கு பிளவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும்போது அதே பலத்தோடு அச்சை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. நாக்கு இல்லாவிட்டாலோ நட்டு தளர்ந்தாலோ அச்சு சுழன்று பிளவை அகலமாக்கி, வயரை முறுக்கி அறுத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்ப அனுப்பும் வகை மோட்டாரில் இந்தத் திருகல் இரு திசையிலும் நடப்பதால் நட்டு விரைவில் தளரும். அதற்கு டார்க் ஆர்ம் எனும் பிடிகம்பி இருந்தே ஆகவேண்டும். நட்டின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து பின் மேலே போகவேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். நேராக மேலேறினால் தண்ணீர் அச்சு வழியாக மோட்டாருக்குள் போகும்.

கழற்றாமல் ஒட்டும் முறையில் தவறு நடந்தால் இன்னொரு ஒட்டோடு போகும். இதில் தவறு நடந்தால் ஃப்ரேமும் மோட்டார் வயரும் போகும்.

இருமுனை ட்யூப்

வளையமாக இல்லாமல், பாம்புபோல் இரண்டு முனையும் மூடியிருக்கும் ட்யூப் இது. பழைய ட்யூபைக் கத்தரித்து உருவி எடுத்துவிட்டு, இதை அச்சுக்கு அந்தப்புறம் சுற்றிச் செருகினால் சக்கரம் கழலாமலே புது ட்யூப். வால்வு பிய்ந்து நடுவழியில் நின்றவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குறை என்ன? முனைகள் சந்திக்கும் இடம் மற்ற இடம்போல் சீராக இருக்காது. அகலம் குறைந்த டயரில் சுற்றுக்கு ஒரு முறை மெல்லிய தட்டல் தெரியும். 2 அங்குலத்துக்கு மேலான டயரில் அதிகம் உறுத்தாது. அளவு சரியாக வேண்டும்: 26 அங்குலத்துக்கு வாங்கியதை 27.5-ல் போட்டால் முனைகளுக்கிடையே இடைவெளி விழும். எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

கையில் அதுவும் இல்லையென்றால் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ட்யூபை ஓட்டை உள்ள இடத்திலேயே வெட்டி, இரண்டு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டு உள்ளே வைத்துக் காற்றடிப்பது. வால்வு நன்றாக இருந்தால் மட்டுமே. முடிச்சு வரும் இடத்தில் வண்டி குதிக்கும். மோட்டார் உதவியைக் குறைத்து மெதுவாக வீடு சேரலாம்.

சீலன்ட்

ட்யூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் இது. 26க்கு 2.1 (விட்டம் 26, அகலம் 2.1 அங்குலம்) அளவுள்ள ட்யூபுக்குச் சுமார் 120 மி.லி. ஊற்றி வைத்தால் சிறு முள் ஓட்டைகளை நீங்கள் அறியாமலே அடைத்துவிடும். ஓட்டை 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், டயரின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது திரவம் வெளிநோக்கி ஒதுங்குவதால் ரிம் பக்கத்து ஓட்டைக்கு அது போய்ச் சேராது. வால்வு அடி, பக்கவாட்டுக் கீறல் இரண்டிலும் தோற்கும்.

ரப்பர்ப்பால் வகை நம் வெயிலில் சில மாதங்களில் காய்ந்து உருண்டையாகிவிடும். ட்யூபுக்கு நார் கலந்த பசை வகையே தாக்குப்பிடிக்கும். ஊற்றுவதற்கு வால்வின் உள்ஊசி கழல வேண்டும். பைக் வகை வால்வு என்றால் சிறிய சாவியால் கழலும். சின்ன ரப்பர்க்குழாய் போட்ட பழைய சைக்கிள் வால்வில் சீலன்ட் ஏறினால் ரப்பர் ஒட்டிக்கொண்டு காற்றடிக்கவே விடாது. அப்படிப்பட்ட ட்யூபில் ஊற்றாதீர்கள். சீலன்ட் தோற்ற பிறகு ஒட்ட நினைத்தால் ஓட்டையைச் சுற்றிக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பிறகுதான் உப்புத்தாள். பஞ்சர் கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

மற்றவை, சுருக்கமாக

டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே போடும் லைனர் பட்டை முள்ளைத் தடுக்கும். ஆனால் பட்டையின் வெட்டுமுனை நாளடைவில் ட்யூபை அரித்து அதுவே ஓட்டை போடும். முனையை உப்புத்தாளால் மழுக்கிவிட்டுப் போடுங்கள். அடியில் தடித்த ரப்பர் அடுக்கு வைத்த டயர் இதைவிட உருப்படியானது. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் ப்ளஸ் டயரில் அந்த அடுக்கு 5 மி.மீ. கனம் இருக்கிறது. கனமும் விலையும் கூடும், ஆனால் மோட்டார் இருக்கும் வண்டியில் கனத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? காற்றே இல்லாத கெட்டி டயர் பின்சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம். குலுக்கல் எல்லாம் நேராகப் போக்ஸ் கம்பிக்கும் மோட்டாருக்கும் போகும், மாட்டுவதும் பெரும்பாடு.

எதை வைத்துக்கொள்வது

முள் நிறைந்த சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு எங்கள் தேர்வு: பின்னால் மட்டும் தடித்த டயர், நார் வகை சீலன்ட் 120 மி.லி., ஓட்டை மீறினால் கழற்றாமல் ஒட்டு. நகரத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் போய்வருபவருக்கு சீலன்ட் தேவையில்லை. வாரம் ஒருமுறை காற்று பார்த்தாலே ரிம் கடிப்பதும் வால்வு பிய்வதும் நின்றுவிடும். 26க்கு 2.1 டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள், பின்னால் 45 பி.எஸ்.ஐ. அளவு நன்றாகப் போகும். 4 அங்குல அகல டயர் வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு சுமார் 20 பி.எஸ்.ஐ. போதும்.

நெடுந்தூரம் போகிறவர் பையில் ப்ளாஸ்டிக் லீவர் இரண்டு, உப்புத்தாள், ஒட்டு, உடைக்காத சொல்யூஷன் குழல், பம்ப், இருமுனை ட்யூப் ஒன்று. அச்சு நட்டுக்கான ஸ்பேனரும் இருக்கட்டும், கழற்ற அல்ல, வழியில் தளர்ந்தால் இறுக்க. ஒருமுறை திறந்த சொல்யூஷன் குழல் மூடி போட்டாலும் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். கிளம்பும் முன் அமுக்கிப் பார்த்து மாற்றிவிடுங்கள்.