மாணிக்கமும் மரகதமும்: ஒரே குரோமியம், இரண்டு நிறம்

மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணம் ஒரே அயனிதான்: மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட குரோமியம். இரண்டிலும் அது அலுமினியத்தின் இடத்தில், ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் எங்கே வித்தியாசம்? 1929-ல் ஹான்ஸ் பெத்தே வகுத்த படிகப்புலக் கொள்கைப்படி, சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் குரோமியத்தின் ஐந்து டி-ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களை) ஆற்றலில் மூன்று கீழே, இரண்டு மேலே என்று பிரிக்கின்றன. கீழிருக்கும் எலக்ட்ரான் ஒளியை விழுங்கித்தான் மேலே தாவும்; எந்த நிறத்தை விழுங்கும் என்பதை இந்த இடைவெளி தீர்மானிக்கிறது. மாணிக்கத்தில் அது சுமார் 2.2 எலக்ட்ரான் வோல்ட். அதனால் ஊதாவையும் மஞ்சள்-பச்சையையும் விழுங்கிவிட்டு, சிவப்பைத் தாராளமாகவும் நீலத்தைக் கொஞ்சமாகவும் வெளியே விடுகிறது.

மரகதத்தில் அந்த ஆக்சிஜன்கள் பெரிலியம், சிலிக்கனோடும் பிணைந்தவை. பிணைப்பின் தன்மை மாறி, குரோமியத்தின் மீது அவை செலுத்தும் மின்புலம் சற்றே தளர்ந்து, இடைவெளி 2.05 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. இந்தச் சின்ன இறக்கம் போதும்: உறிஞ்சும் பட்டை மஞ்சள்-சிவப்புக்கு நகர, பச்சைக்கு வழி திறக்கிறது. எனக்கு இந்தக் கொள்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விழுங்கிய ஒளியைத் திரும்ப உமிழும் ஒளிர்வில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. பச்சை மரகதமும் சிவப்பாகத்தான் ஒளிரும்! எலக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின்) திசை திரும்புவதால் வரும் அந்த ஒளியைப் புலத்தின் வலிமை அதிகம் பாதிப்பதில்லை. மாணிக்கம் உமிழும் 694.3 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை வைத்துத்தான் 1960-ல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார்.