ஒன்வே டாக்ஸிக்கு முன்பணம் கட்டி 3,000 ரூபா போச்சு, ஜாக்கிரதை மக்களே

நேத்து நடந்தது. இன்னும் வயிறு எரியுது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

திருச்சியில பெரியப்பா தவறிட்டார்னு ராத்திரி பதினொன்றரைக்கு போன். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எடுத்துடுவாங்க. ரயில் எதுவும் கிடைக்கல. முட்டிவலியோட இருக்கிற அம்மாவ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல இழுத்துட்டு அலைய மனசு வரல. நெட்ல 'ஒன்வே டிராப் டாக்ஸி'ன்னு தேடினா, முதல்லயே வந்து நின்னது ஒண்ணு. பேரைப் போடல. நாளைக்கே வேற பேர்ல வருவாங்க.

ஒரு பொண்ணு எடுத்துச்சு. சாவுன்னு சொன்னதும் குரலே இறங்கிடுச்சு. "அய்யோ, கவலைப்படாதீங்க சார். அம்மாவுக்கு முன்சீட்ட நல்லா சாய்ச்சுவிடச் சொல்றேன். எடுக்கிறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடுவோம்." நான் விழுந்த இடம் இதுதான். டோல், பேட்டா எல்லாம் சேர்த்து 6,200. பாதியை இப்பவே போட்டாதான் வண்டி கிளம்பும். "பாதின்னா 3,100, பரவால்ல சார், 3,000 போடுங்க"ன்னு பெருந்தன்மை வேற. பணம் போற இடத்துல கம்பெனி பேரே இல்ல, யாரோ ஒரு ஆளோட பேரு. பார்த்தேன். பார்த்துட்டும் பின் நம்பரை அடிச்சேன்.

வண்டி என்னவோ சொன்ன மாதிரி காலைல 5 மணிக்கு தாம்பரம் வந்துடுச்சு. மஞ்சள் போர்டு, சுத்தமான வண்டி. விக்கிரவாண்டி டோல் தாண்டி ஒரு பங்க்ல நிறுத்திட்டு டிரைவர் அண்ணன் திரும்பினார். "சார், ஒரு ரெண்டாயிரம் குடுங்க, டீசல் போட்டுக்கறேன். மீதிய இறங்கும்போது பாத்துக்கலாம்."

"ஏன்ணே, 3,000 ஏற்கெனவே போட்டாச்சே?"

அவர் முகத்துல ஈ ஆடல. வாட்ஸப்பைத் திறந்து காட்டினார்: 'தாம்பரம் டு திருச்சி, செடான், 6,200. முழுசும் கஸ்டமர்கிட்ட வாங்கிக்கவும்.'

"உங்க நம்பர வாங்கவே நான் 800 கமிஷன் கட்டியிருக்கேன் சார்."

அதாவது அந்தக் 'கம்பெனி'கிட்ட சொந்தமா ஒரு வண்டிகூட கிடையாது. டிரிப்பை விக்கிற புரோக்கர். என்கிட்ட 3,000, அவர்கிட்ட 800. இவரும் கூட்டுக் களவாணியோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, மறைக்கல. ஆனா மனுஷன் அங்கேயே ஸ்பீக்கர்ல போட்டு கேட்ட கேள்வியில அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் அடிச்சேன். "டிரைவர்கிட்ட பேசிக்கங்க சார்." டிரைவர் பக்கத்துலதான்மா இருக்கார்னேன். கட். மறுபடி அடிச்சா, மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார். பத்து மணிக்கு, மீட்டிங்ல இருக்கார். அப்புறம் 24 மணி நேரத்துல ரீஃபண்ட். அப்புறம் ரிங்கே போகல, வாட்ஸப்ல டிபியும் காணாமப் போச்சு. மனைவி போன்லருந்து அடிக்கிறேன், முதல் ரிங்லயே அதே குரல்: "வணக்கம், எந்த ஊருக்குப் போகணும்?"

பதினொன்றரைக்கு வீட்டு வாசல். உள்ள அழுகைச் சத்தம், வெளிய மேளம். அங்க நின்னு பேரம் பேச முடியுமா? 6,200ஐயும் எண்ணிக் கொடுத்தேன். டீசல் அவரோடது, அவர் என்ன பண்ணுவார். ஆக 6,200 ரூபா சவாரிக்கு 9,200. மூவாயிரம் ரூபாங்க!

என்னென்ன பார்த்து புக் பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா: முன்பணம் கேட்டா போனை வச்சிடுங்க. கட்டியே ஆகணும்னா டிரைவர் நம்பரை வாங்கி, அவர்கிட்ட பேசிட்டு, அவருக்கே போடுங்க. வெள்ளை போர்டு வண்டி (வாடகைக்கு ஓட்டக்கூடாத சொந்த வண்டி) வந்தா ஏறாதீங்க, வழியில ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான். ஏமாந்துட்டா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாதான் பணத்தை முடக்கவாவது வழி உண்டு. நான் சாயங்காலம்தான் அடிச்சேன். ஒரு புகார் எண் வந்திருக்கு.

பதினாறாம் நாளுக்கு மறுபடி போகணும். பஸ்ல டிக்கெட் போட்டாச்சு.