ரம்மியில் சிக்கிய தம்பிக்கு 14416, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

வீட்டில் ஒருவர் ஆன்லைன் சூதாட்டத்தில் சிக்கியிருக்கிறார், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சிக்கியது என் தம்பி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. சம்பளம் போய், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய், லோன் ஆப் கடனும் மீட்டர் வட்டியும் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முதலில் அழைத்த எண் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நான்தான் பேசினேன். எடுத்த பெண் கடன் எவ்வளவு என்று கேட்கவில்லை. “தம்பி ராத்திரி தூங்குறாரா? சாகணும்னு ஏதாவது சொன்னாரா?” என்றார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. அந்த ஒன்றுக்காகவே இந்த எண்ணை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஆனால் இது போனிலேயே முடிகிற காரியம் இல்லை. மாதக்கணக்கில் தொடர நேரில் போக வேண்டும். இடையில் சொந்தக்காரர் ஒருவர் ஒரு தனியார் மையத்துக்கு அனுப்பினார். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டணும், வீட்டு ஆட்கள் பார்க்க வரக்கூடாது என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017 மனநலச் சட்டப்படி அது கட்டாயம்.

அப்புறம்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. “நான் என்ன பைத்தியமாக்கா?” என்று பஸ் ஏறும் வரை சண்டை. “காய்ச்சல்னா போறோம்லா, அப்படித்தான்ல” என்று கூட்டிப் போனேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சூதாட்டக் கோளாறு இருக்கிறது என்று டாக்டர் விளக்கியபோது அவன் முகம் கொஞ்சம் இளகியது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை தந்தார்கள். சூதாட்டத்தை நிறுத்துவதற்கென்றே தனி மாத்திரை கிடையாது, பேசித்தான் சரிசெய்ய வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு கோடு போட்ட நோட்டு. ஆடக் கை அரிக்கும்போதெல்லாம் நேரம், இடம், மனசில் என்ன ஓடியது, அப்புறம் என்ன செய்தான் என்று எழுதச் சொன்னார் கவுன்சலர். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “சாயங்காலம், டீக்கடை. வட்டிக்காரர் போன் பண்ணார். விட்டதைப் பிடிச்சிட்டா இன்னைக்கே அடைச்சிடலாம்னு தோணுச்சு. அக்காவுக்குப் போன் போட்டேன்.” சம்பள வாரத்தில் இப்படிப்பட்ட வரிகள் கூடின. ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையைவிடக் கடன் பயம்தான் அவனைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது என்பது அதைப் படித்தபோது புரிந்தது.

அதனால் சொல்கிறேன், கடனை ஒரே மூச்சில் நாம் அடைத்துக் கொடுக்கக் கூடாது. சித்தப்பா வயலை விற்கலாம் என்றார், அம்மாவும் சரி என்றார்கள், நான் விடவில்லை. கடன் சுத்தமாகத் தீர்ந்தால் மறுபடி ஆடத் தெம்பு வரும். அவன் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அடைக்கிறோம். ஏடிஎம் கார்டு என்னிடம், யுபிஐ நீக்கியாச்சு, அவன் கையில் பட்டன் போன், செலவுக்கு வாரப் பணம். மிரட்டிய லோன் ஆப் மேல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். மீட்டர் வட்டிக்கு 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம்.

சட்டம் எவ்வளவு காப்பாற்றியது என்று கேட்டால், பாதிதான். 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆன்லைனில் ஆடத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அவன் 12 மணிக்குள் பெரிய தொகையாக வைத்து ஆடினான். ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் வந்ததும் அவன் ஆடிய ஆப்பில் பண ஆட்டமே நின்றது. ஆனால் ஆசை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி இல்லை என்றாலும், செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு போனால் கேரள லாட்டரி கிடைக்கும். தென்காசிக்கு லோடு போகிற நாட்களில், மத்தியானம் 3 மணிக் குலுக்கலுக்குச் சீட்டு வாங்கியதை அவனே நோட்டில் எழுதியிருந்தான். கவுன்சலர் திட்டவில்லை. அந்த ரூட்டை மாற்றிக் கேட்கச் சொன்னார். முதலாளியும் மாற்றிக் கொடுத்தார்.

அளவோடு ஆடினால் போதாதா என்று கேட்கிறார்கள். போனால் போகட்டும் என்று ஒரு தொகையை ஒதுக்கி, கடன் வாங்காமல், தோற்றதும் எழுந்துவிடக் கூடியவருக்கு அது சரி. ஒருமுறை சிக்கியவருக்கு முழுதாக நிறுத்துவது ஒன்றுதான் வழி. என் தம்பி விஷயத்தில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். ஆதார் கார்டு, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் கூடப் போவது நல்லது. டாக்டர் கேட்கும்போது பழையதெல்லாம் சொல்ல முடியும். தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்கள் 14416 இல் கேட்டால் பக்கத்து அரசு மருத்துவமனையைச் சொல்வார்கள்.