பேனாப் பெட்டியா, கேட் சோதனையா, கேண்டீன் மாற்றமா? பள்ளிப் பிளாஸ்டிக்கைக் குறைக்க எது உருப்படும்

பிளாஸ்டிக் ஒழிப்பு குமரி மாவட்டத்துக்குப் புதுச் சங்கதி இல்லை. மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1 அன்று தடை அமலுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே, ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்த காலத்தில், இங்கே பிளாஸ்டிக் பைக்குக் கெடுபிடி தொடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. மாணவர்களின் சுற்றுச்சூழல் அமைப்பான தேசிய பசுமைப்படையோ 2001-02 முதலே பள்ளிகளில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, இன்டர்வெல் முடிந்து மணி அடித்ததும் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் போய் நின்று பாருங்கள்.

பெருக்கி ஓரமாகக் குவித்ததைக் குச்சியால் கிளறினால் சிப்ஸ் பாக்கெட், ஐந்து ரூபாய் பிஸ்கட் உறை, மிட்டாய்த் தாள், ஜூஸ் டப்பாவின் ஸ்ட்ரா, தீர்ந்துபோன பேனா, மூடி தொலைந்த பாட்டில் எல்லாம் வரும். குவியலுக்கே வராத ஒன்றும் உண்டு. பாக்கெட்டைப் பல்லால் கடித்து இழுக்கும்போது தனியாக வந்துவிடும் முக்கோண மூலை. நகக்கண் அளவுதான் இருக்கும், விளக்குமாற்றுக்குச் சிக்காது. மழை பெய்தால் ஓடைக்குப் போகும். நாகர்கோவில் பக்கம் என்றால் ஓடையிலிருந்து பழையாறு, அங்கிருந்து மணக்குடி காயல். மார்த்தாண்டம் பக்கம் என்றால் குழித்துறை ஆற்றோடு தேங்காப்பட்டணம். பழையாற்றை ஒட்டித்தான் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களும் இருக்கின்றன.

நான் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பில் இருப்பவன். குழுவில் பிளாஸ்டிக் பேச்சு வந்தால் மூன்று யோசனைகள்தான் திரும்பத் திரும்ப எழும். பெட்டி வைத்துச் சேகரிக்கலாம், கேட்டிலேயே பிடித்துத் தடுக்கலாம், கேண்டீனையும் தண்ணீரையும் மாற்றலாம். நான்காவதாகப் பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி. இந்த நான்காவதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று ஃபிளெக்ஸில் அச்சடித்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் பேரணிகளை ஒவ்வொரு ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்துக்கும் பார்த்தாயிற்று.

பெட்டி வைத்துச் சேகரிப்பது

மூன்றிலும் ஆரம்பிக்கச் சுலபமானது இதுதான். செலவு ஒரு பெட்டி. பிள்ளைகளுக்கும் உற்சாகம், போட்டோவும் நன்றாக விழும். பக்கத்துக் கேரளத்தில் அரசின் பசுமை இயக்கமான ஹரித கேரளம் மிஷன் ‘பென் ஃபிரெண்ட்’ என்ற பெயரில் பள்ளிகளில் பேனாப் பெட்டி வைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் எதைச் சேகரிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன். தண்ணீர் பாட்டிலுக்குப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் விலை உண்டு, எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். பேனாவுக்கு அப்படி விலை கிடையாது. உடல் ஒருவகைப் பிளாஸ்டிக், மூடி இன்னொரு வகை, ரீஃபிளுக்குள் மிச்ச மை, முனையில் பித்தளை. இதைப் பிரிக்கிற கூலி அதன் விலையை விட அதிகம். பேனாவைச் சேர்த்த பள்ளி, அதை வாங்கிக்கொள்ள ஆள் யார் என்று முதலிலேயே பேசி வைக்காவிட்டால், அடுத்த வருடமும் அந்தப் பெட்டி ஸ்டோர் ரூமில்தான் இருக்கும். பேனா விஷயத்தில் பெட்டியை விட ரீஃபிள் மாற்றும் பழக்கமே மேல். ஸ்கூல் சொசைட்டியிலோ வாசல் கடையிலோ ரீஃபிள் தனியாகக் கிடைக்கும்படி செய்தாலே பாதி வேலை முடிந்தது. மைப்பேனா இன்னும் நல்லதுதான். வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் துவைக்கிற அம்மாக்களிடம் அதை நீங்களே சொல்லிப் பாருங்கள்.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆக்கர் கடையில் மதிப்பே இல்லை. வெளியே அச்சு, நடுவில் உலோகப் பூச்சு, உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டிய உறை அது. உருக்கி மறுபடி பாக்கெட் செய்ய வழியில்லை. சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பலாம். சாலை போடும் முறையும் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த, சூடான ஜல்லியில் பிளாஸ்டிக்கைத் தூவிப் பூச்சாக ஏற்றும் முறை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டுக்கும் டன் கணக்கில், சுத்தமாக, காய்ந்த சரக்கு வேண்டும். ஒரு பள்ளியின் மூட்டை அதற்குப் போதாது. நகராட்சியோ பஞ்சாயத்தோ வாரம் ஒருமுறை வந்து எடுத்துக்கொள்வதாக உறுதி சொன்னால் மட்டும் உறையைச் சேருங்கள். இல்லையென்றால் அந்த மூட்டை கடைசியில் காம்பவுண்டின் பின்மூலையில் தீ வைக்கப்படும். சேகரிக்காமல் விட்டதை விட அது மோசம், அந்தப் புகை நேராக வகுப்பறை ஜன்னலுக்குத்தான் வரும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘எக்கோ பிரிக்’ என்பார். பாட்டிலுக்குள் உறைகளைத் திணித்து, செங்கல் போல அடுக்கிப் பெஞ்சு மாதிரி எதையாவது கட்டுவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் உள்ளே 330 கிராமாவது அடைக்க வேண்டும். காலிப் பாக்கெட்டின் எடை சில கிராம்தான், ஆகவே ஒரு ‘செங்கல்’லுக்கு நூறு பாக்கெட்டுக்குக் குறையாது. விற்றால் காசாகும் பாட்டிலை விற்கவே முடியாத உறையோடு சேர்த்துப் பூட்டுகிறோம். நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால் பாட்டில் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். அந்தப் பெஞ்சை உடைக்கும் நாளில் குப்பை முழுசாகத் திரும்பி வரும். தவிர, ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னால், வீட்டில் இல்லாத பிள்ளை குளிர்பானம் வாங்கிக் குடித்துவிட்டுத்தானே கொண்டுவரும்.

கேட்டில் பிடிப்பது

உடனடிப் பலன் தெரிவது இதில்தான். முதல் வாரம் மைதானம் பளிச்சென்று இருக்கும். பிறகு பாக்கெட் பையின் அடியிலிருந்து சாக்ஸுக்கும் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் இடம் மாறும், குப்பை கழிவறைப் பக்கம் போகும். கேட்டில் நின்று பை திறந்து பார்க்கும் ஆசிரியருக்கு முதல் பீரியட் போய்விடும். அபராதம் என்று வைத்தால் காசுள்ள பிள்ளை கட்டிவிட்டுப் போகும், இல்லாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும்.

அரசுப் பள்ளியில் இது இன்னும் பொருந்தாது. மதிய உணவு தட்டில் போடப்படுகிறது, கழுவி வைக்கப்படுகிறது. முட்டை ஓடும் மிஞ்சிய சோறும்தான் கழிவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் அப்படியே. சத்துணவு சாப்பிடும் பிள்ளையால் பள்ளியில் சேரும் பிளாஸ்டிக் அநேகமாக ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸோடு கைச்செலவுக்குக் காசும் கொண்டுவரும் பிள்ளைகளிடமிருந்துதான் உறை வருகிறது.

ஆனால் இந்தத் தடையை ஆபீஸ் ரூம் பக்கம் திருப்பினால் நன்றாக வேலை செய்யும். தமிழ்நாட்டுத் தடைப்பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது, துணி மாதிரித் தோன்றும் நெய்யாத பையும் இருக்கிறது, பிளாஸ்டிக் கொடியும் இருக்கிறது. ஸ்டாஃப் ரூம் டீ எதில் வருகிறது? ஆண்டுவிழாவில் விருந்தினருக்கு எந்தப் பையில் போட்டுக் கொடுக்கிறோம்? மேடையில் ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில் வைப்பது யார்? இதை நிறுத்தத் தலைமையாசிரியரின் ஒரு சுற்றறிக்கை போதும், யாருடைய பையையும் திறக்க வேண்டாம். பிறந்தநாள் மிட்டாயும் இப்படித்தான். ஒரு வகுப்புக்கு நாற்பது உறை என்பதற்குப் பதில் சில சீப்பு மட்டி வாழைப்பழம் என்று பள்ளியே சொல்லிவிட்டால், பெற்றோர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கேண்டீனையும் தண்ணீரையும் மாற்றுவது

மூன்றிலும் கஷ்டமானது இது. என் ஓட்டும் இதற்குத்தான்.

மைதானத்துக் குவியலில் பெரும்பங்கு சிற்றுண்டி உறை. மத்திய அரசின் பிளாஸ்டிக் தடையை வைத்துக்கொண்டு அதைத் தொட முடிவதில்லை. 2022 ஜூலையில் வந்த அந்தத் தடையில் ஸ்ட்ரா, தட்டு, ஸ்பூன், மிட்டாய்க் குச்சி எல்லாம் உண்டு, சிப்ஸ் பாக்கெட் இல்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட விதிகள் இருக்கின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேண்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. உடல்நலத்துக்காகப் போட்ட விதிதான். ஆனால் அதை அமல்படுத்தினால் கூடவே உறையும் போய்விடும். பசுமைப்படைப் பிள்ளைகள் ஐம்பது மீட்டர் டேப் பிடித்து வாசலிலிருந்து அளந்து பார்த்தாலே, எந்தெந்தக் கடை உள்ளே வருகிறது என்று தெரிந்துவிடும். வாசகம் எழுதும் போட்டியை விட இது நல்ல வேலை.

கேண்டீன் நடத்துபவர்களின் கஷ்டத்தையும் கேட்க வேண்டும். ஒரு அக்கா என்னிடம் சொன்னது: “அண்ணே, சுண்டல் மத்தியானத்துக்கு மேல நிக்காது, மிஞ்சினா என் வீட்டுக்குத்தான் போவும். பாக்கெட்டு மாசக்கணக்குல தொங்கும், கேடாவாது. வாடகையைக் கொறச்சா நான் நாளைக்கே மாத்துதேன்.” சிக்கல் முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வாடகையை உயர்த்திக் கேட்கும் நிர்வாகம், பாக்கெட் விற்கத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. சுண்டல், அவித்த மரச்சீனி, இலையப்பம், ஏத்தன்பழம், முந்திரிக்கொத்து இவற்றுக்கு உறை தேவையில்லை. எவர்சில்வர் கிண்ணமோ வாழையிலைத் துண்டோ போதும். வாடகையைக் குறைத்து, மகளிர் குழுவுக்குக் கொடுத்து, பொருள் பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். நிர்வாகத்துக்கு வருமானம் குறையும், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

தண்ணீரும் இதில் சேர்ந்ததுதான். நம் ஊரில் பதிமுகம் என்ற மரப்பட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம், அதுவும் சூடு ஆறுவதற்குள், வாங்கிக் குடித்துக் காலியான மெல்லிய பாட்டிலில். சூட்டில் அது நெளிந்து போய், மாதம் ஒன்றாகக் குப்பைக்கு வரும். சாதாரண எவர்சில்வர் பாட்டில் கீழே விழுந்து நசுங்கினாலும் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் பாட்டிலை நிரப்பக் குழாய் வேண்டுமே. குழாயடி பாசி பிடித்து வழுக்கினால், தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால், பிள்ளை கடைக்குத்தான் போகும். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தர ஆள் உண்டு, ஃபில்டர் மாற்றத்தான் யாரும் இல்லை. கேரளத்தில் 2019இல் தொடங்கிய ‘தண்ணீர் மணி’யை, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே அடிக்கும் அந்த மணியை, இங்கே அடித்தாலும் குழாய் சரியாக இருந்தால்தான் பலன்.

அட்டையும் நாப்கினும்

நோட்டுப் புத்தக அட்டை விஷயத்தில் மட்டும் நான் பிளாஸ்டிக்கின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பள்ளி திறப்பதும் இடவப்பாதி மழை தொடங்குவதும் இங்கே ஒன்றாக வரும். பிரவுன் ஷீட் இரண்டு வாரத்தில் கூழாகிவிடும். அதற்காக வருடா வருடம் புது உறை வாங்கச் சொல்ல வேண்டியதில்லை, போன வருடத்ததைக் கழற்றிப் போடச் சொன்னால் போதும். எல்லா நோட்டும் ஒரே நிறத்தில் பளபளக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பள்ளிகள் விட்டால் நடக்கும்.

நாப்கினை மேலே சொன்ன மூன்று வழிகளும் தொடுவதில்லை. அதன் அடிப்பாகம் பிளாஸ்டிக். பெண் பிள்ளைகளின் கழிவறையில் மூடியுள்ள தொட்டியும், அதைத் தனியாக எடுத்துச் செல்ல ஏற்பாடும் வேண்டும். இதைப் பெண் ஆசிரியர்கள் தலைமையில் தனியாகப் பேசுவதே முறை.

எந்தப் பள்ளிக்கு எது

நாகர்கோவில் நகரத்துப் பெரிய தனியார் பள்ளி என்றால் கேண்டீன் ஒப்பந்தத்தில் கை வைப்பதே முதல் வேலை. கடற்கரை ஊர்களில் கிணறு உப்புக் கரிக்கும் இடங்களில் தண்ணீர்தான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். குலசேகரம், அருமனை போன்ற மலையோரப் பக்கம் வாழையிலைக்குப் பஞ்சமில்லை, பெரிய ஆக்கர் கடை தூரம். ஆகவே சேகரிப்பதை விட உள்ளே வராமல் பார்ப்பது அங்கே லாபம். சத்துணவை மட்டும் நம்பியிருக்கும் சிறிய அரசுத் தொடக்கப் பள்ளியை விட்டுவிடலாம். அங்கே குப்பை குறைவு, இருக்கிற இரண்டு ஆசிரியருக்கும் வேறு வேலை நிறைய.

மாநில அரசு மஞ்சப்பை விருது என்று முதல் பள்ளிக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்திருக்கிறது. விருதை நோக்கி ஓடும் பள்ளி பெட்டியையும் பேரணியையும் தேர்ந்தெடுப்பது இயல்பு, அவைதான் படத்தில் தெரியும். கேண்டீன் ஒப்பந்தத்தை எப்படிப் படம் பிடிப்பது?

நான் சொல்லும் வழியில் ஒரு வில்லங்கம் மிச்சம் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரையும் கிண்ணத்தையும் யாராவது கழுவ வேண்டும். இப்போதே குறைந்த சம்பளத்தில் பெருக்கிக்கொண்டிருக்கும் அக்காவின் தலையில் அதையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. டம்ளர் வாங்கித் தரப் பழைய மாணவர் சங்கம் முன்வரும், பெயரும் பொறித்துக்கொள்ளும். கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் தர யார் பெயரையும் பொறிக்க முடியாது. அதனால் கிண்ணம் வாங்கும் முன்பே, அந்தச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.