வலிக்கு வில்லோ பட்டையா, முருங்கைப் பட்டையா?

மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானவர்கள் அடுத்துக் கைவைப்பது பட்டையில்தான். ஆன்லைனில் வில்லோ என்ற மரத்தின் பட்டை, கொல்லையில் முருங்கை, நாட்டு மருந்துக் கடையில் கருவேலம். மூன்றையும் 'வலிக்கு நல்லது' என்கிறார்கள். எந்த வலிக்கு என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

வில்லோவுக்குக் குலப்பெருமை அதிகம். 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், காய்ந்த பட்டையைப் பொடித்துக் குளிர்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டையில் வலியைக் குறைக்கும் பொருளான சாலிசினை 1828இல் மியூனிக்கில் யோகான் புக்னர் பிரித்தெடுத்தார். அந்தத் தடத்திலேயே போய்த்தான் ஆஸ்பிரின் வந்தது.

பெருமை இருக்கட்டும், வலி குறைகிறதா? கீழ்முதுகு வலிக்குக் குறைகிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் 210 பேருக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 240 மில்லிகிராம் சாலிசின் எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசி வாரத்தில் வலி விட்டது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம்தான். ஆனால் உடனே கேட்காது. ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். இப்போது மண்டையைப் பிளக்கும் தலைவலிக்கு இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பட்டையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமே என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டையில் சாலிசின் 1.5 சதவீதம் என்று வைத்தால் 240 மில்லிகிராமுக்கு 16 கிராம் பட்டை வேண்டும். ஒரு குவளைக்கு 3 கிராம் போட்டால் கிடைப்பது 45 மில்லிகிராம், அதுவும் முழுதாக இறங்கினால். அளவு குறித்த சாறு மாத்திரைதான் இதில் உருப்படி. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் யாருக்கும் இது ஆகாது. 'இயற்கை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆஸ்பிரினைப் போலவே இதிலும் ரத்தத்தில் கலப்பது சாலிசிலேட்தான்.

முருங்கைப் பட்டையின் வழியே வேறு. இதை உள்ளுக்குக் குடிப்பதில்லை, அரைத்துப் பற்றுப் போடுவது. கடுகும் பூண்டும் சேர்த்து அரைத்துச் சுளுக்கிலும் வீக்கத்திலும் பூசுவார்கள். பட்டையிலேயே கடுகைப் போன்ற காரம் உண்டு. அது தோலைச் சூடாக்க, உள்ளே இருக்கும் வலி மறக்கும். கணுக்காலில் போட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போய், காலையில் கொப்புளத்தோடு எழுந்த அனுபவம் எனக்குண்டு. அப்பத்தா அரை மணியில் கழுவச் சொல்லியிருந்தாள், நான்தான் கேட்கவில்லை. சுளுக்கு என்னவோ குறைந்தது, எரிச்சல் நான்கு நாள் இருந்தது. இதற்கு வில்லோ அளவுக்கு ஆய்வுப் பலம் கிடையாது. வேர்ப்பட்டையை மட்டும் யாரும் விழுங்கிப் பார்க்க வேண்டாம், அதில் நஞ்சு உண்டு.

கருவேலம்பட்டை மூட்டுக்கு அல்ல, ஈறுக்கு. அதன் துவர்ப்பு ஈறை இறுக்கும். கஷாயத்தில் வாய் கொப்பளித்தால் ஈறுவலிக்கு இதம். சொத்தைப் பல்லுக்குப் பல் டாக்டர்தான்.

ஆக, மாதக்கணக்கில் இழுக்கும் முதுகுவலி என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு வில்லோ மாத்திரையை நான்கு வாரம் பார்க்கலாம். கால் பிசகினால் முருங்கைப் பற்று, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.